தினமும் ஓடும் பத்மினி

தினமும் ஆபீஸ் போக நண்பர் ஒரு பிரீமியர் பத்மினி கார் வாங்கினார். பாராட்ட வேண்டிய முடிவு. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆன வண்டி இருந்தால்தான் சனிக்கிழமைதோறும் உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போய் நாலு பேரோடு பழக முடியும்.

பழமை கெடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதக்காரர். ஆகவே எஞ்சினை மாற்றினார். ஏசி, பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், அலாய் வீல் எல்லாம் போட்டார். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியரைக் கீழே இறக்கினார். அசலாக மிஞ்சியது, கதவைச் சாத்தும்போது வரும் 'டங்' சத்தம். அதில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ரெடி சார்" என்று மெக்கானிக் சொல்லி மூன்றாவது தீபாவளி வருகிறது. நண்பர் மெட்ரோவில் போகிறார்.

வண்டி தினமும் ஓடத்தான் செய்கிறது. டிரையல் பார்க்க வேண்டுமே! மெக்கானிக் தன் பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்.