செவிக்கு ஏற்ற விலை

கேள்வி: பல லட்சம் ரூபாய் பெறும் ஒலிபெருக்கிகளை வீட்டுக்கென வாங்குவது தகுமா?
- ஒரு வாசகர், மாத்தளை

பதில்: வாங்குமுன் அறையைப் பாருங்கள். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்தால், எத்தனை உயர்ந்த பெட்டியாயினும் மிருதங்கத்தின் தொப்பி நாதத்தை மங்கச் செய்துவிடும். கனத்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் சொற்பச் செலவில் செய்யும் உபகாரத்தைச் சில சமயம் லட்சங்களும் செய்வதில்லை. மலிவானதிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறுகையில் தெளிவாகக் கேட்கும் வித்தியாசம், அதற்கப்பால் விலை பன்மடங்காகும்போது அணுவணுவாகவே வளர்கிறது. மனிதச் செவியின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ்; வயது ஏற அதுவும் குறுகும். ஆகவே, மாசிமகத்தில் உங்களூர் முத்துமாரியம்மன் தேருக்கு முன்னே ஒலிக்கும் நாதஸ்வரத்தை அருகில் நின்று கேட்டுவிட்டு, அந்த ஞாபகம் மாறுமுன் கடைக்குச் செல்லுங்கள். விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.