எண்பத்தோராவது மேதை

மதிப்பிற்குரிய மேதைமை எடையளவு அதிகாரி அவர்களுக்கு,

தெற்கு அந்தமான் பத்துபஸ்தியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சார்பில் எழுதிக்கொள்ளும் மேல்முறையீடு. நவோதயா நுழைவுத் தேர்வு எழுதி, பட்டியலில் பெயர் வராமல் போன பிள்ளைகள் இவர்கள். தனியாக ஒரு பிள்ளைக்கு இடம் கேட்டு இதை எழுதவில்லை. அதற்கு சிபாரிசுக் கடிதம் என்ற பழைய மார்க்கம் இருப்பது எங்களுக்கும் தெரியும்.

முதலில் பாராட்டிவிடுகிறோம். 1986 தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. கிராமத்தில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளை, அப்பன் கையில் காசில்லை என்பதற்காக வீணாகக் கூடாது. மாவட்டத்துக்கு நவோதயா என்று ஒரு விடுதிப் பள்ளி கட்டி சோறு, சீருடை, புத்தகம் எல்லாம் கொடுத்து படிக்க வைப்போம் என்றார்கள். நாடு முழுக்க 650-க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. அங்கே படித்து முன்னுக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். பள்ளி மோசமாக இருந்திருந்தால் நாங்கள் கவலைப்பட்டிருக்கவே மாட்டோம். நல்ல பள்ளி என்பதால்தான் வயிறு எரிகிறது.

தேர்வுக்கு இரண்டு மணி நேரம், எண்பது கேள்விகள். மனத்திறன் நாற்பது, கணக்கு இருபது, மொழி இருபது. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இருக்கும் இடங்களும் எண்பதுதான். ஜாதகம் பார்த்திருந்தால் பத்துப் பொருத்தமும் பேஷ் என்றிருப்பார் ஜோசியர். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எண்பதாவது பிள்ளை மேதை, எண்பத்தோராவது பிள்ளை சராசரி என்பது எந்த விஞ்ஞானம்? எண்பத்தோராவது பிள்ளையின் மூளையில் என்ன குறை கண்டீர்கள்? ஒரு குறையும் இல்லை. உங்கள் விடுதியில் கட்டில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கட்டில் தீர்ந்தது என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கும். ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று சொல்லி அனுப்பினீர்கள். ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள், இடமோ ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். மீதிப் பேருக்கும் அதே முத்திரைதான்.

மறுபடி எழுதலாமா என்றால், ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுதலாம் என்கிறது விதி. அன்று காய்ச்சல் அடித்தாலும், கை நடுங்கி விடைத்தாளில் வட்டம் மாறிப்போனாலும் கதை முடிந்தது. ஆட்சிப் பணித் தேர்வு எழுதும் பெரியவர்களுக்குப் பொதுப் பிரிவிலேயே ஆறு வாய்ப்பு உண்டு. தேர்தலில் நிற்பவருக்குக் கணக்கே இல்லை. டெபாசிட் போனாலும் அடுத்த முறை நிற்கலாம், அதிலும் தோற்றால் மாநிலங்களவை வழியாக அமைச்சராகலாம். ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடத் தெரியாமல் விழுந்தவரும் மறுபடி வரலாம். இந்த நாட்டில் ஒரே தோல்வியோடு கதவு சாத்தப்படுவது பத்து வயதுப் பிள்ளைக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் இருந்தால் நுழையலாமே என்பீர்கள். யாராவது விட்டுப் போவார்களா என்று மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்.

அடுத்தது கிராமம், நகரம் என்ற வழக்கு. குறைந்தது 75 சதவீத இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. நியாயம்தான். ஆனால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் ஒரே ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் பிள்ளை நகரத்துப் பிள்ளை ஆகிவிடும். பத்துபஸ்தி இருப்பது போர்ட் பிளேயரின் விளிம்பில். 2024-ல் அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயரும் வைத்தாகிவிட்டது. இங்கே வாடகை ஏறினால் குடும்பம் பக்கத்துக் கரச்சர்மாவுக்குப் போகும், வேலை கிடைத்தால் டவுனுக்குப் போகும், பிள்ளையும் கூடவே போகும். மூன்றாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை டவுன் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்த குற்றத்துக்கு, எட்டு வயதிலேயே கிராமத்தான் என்ற பட்டம் பறிபோகிறது. அப்பன் இன்னமும் கட்டடத்தில் செங்கல் சுமப்பவன்தான், அதை யாரும் பார்ப்பதில்லை. கிராமம் எது, நகரம் எது என்பதற்கு உங்கள் ஆதாரம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதற்குப் பின் வந்த அரசாணைகளும். 2026 சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்கள் 2014 மே 1-க்கும் 2016 ஜூலை 31-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அதாவது, பிள்ளை பிறப்பதற்கு முன்பே எடுத்த கணக்கை வைத்து அதன் ஊரைத் தீர்மானிக்கிறீர்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை அரசாங்கம் எடுக்கவில்லை. அரசாங்கம் பரீட்சைக்கு வராமல் இருந்தால் வெறும் தாமதம், பிள்ளை வராவிட்டால் தகுதி இழப்பு.

மொழிக் கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், பக்கத்து வீட்டில் வங்காளம், விளையாட்டில் தெலுங்கு, கடையில் இந்தி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. இதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கண்டுபிடித்திருந்தால் ‘அபூர்வத் திறன்’ என்று கருத்தரங்கு நடத்தியிருப்பீர்கள். உங்கள் வினாத்தாளிலோ தேர்ந்தெடுத்த ஒரு மொழியில் பத்தியைப் படித்துச் சரியான கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். நான்கு மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

எடை போடுகிறவர்கள் ஏமாந்த கதை உலகத்தில் ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் கலிபோர்னியாப் பிள்ளைகளைச் சோதித்து, 1,500-க்கு மேற்பட்ட மேதைகளைப் பொறுக்கி எடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார். மதிப்பெண் போதாது என்று கழித்துவிட்டவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்று இரண்டு பையன்கள் இருந்தார்கள். பின்னாளில் இரண்டு பேரும் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். பொறுக்கி எடுத்த மேதைகளில் ஒருவருக்கும் நோபல் வரவில்லை. சிங்கப்பூர் 1984-லிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளை வடிகட்டி மேதை வகுப்பு நடத்தியது. 2024-ல் அந்த முறையை அந்த வடிவத்தில் நிறுத்திவிட்டு, அதிகப் பிள்ளைகளை அவரவர் பள்ளியிலேயே வளர்க்கப் போவதாக அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார்.

நம் நாட்டு லட்சணம் வேறு. 2009 கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகப் பிள்ளையை வடிகட்டக் கூடாது என்கிறது. அதே சட்டம் நவோதயாவைத் தனி வகைப் பள்ளி என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறது, வடிகட்டலும் நடக்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் 2022 வரை ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு இடம் சிபாரிசு செய்ய முடிந்தது. அந்தத் தகுதி லெட்டர்பேடில் அச்சாகி வந்தது. 2020 கல்விக் கொள்கை, தனித்திறன் கொண்ட மாணவரை ஊக்குவிப்போம் என்று பத்தி பத்தியாக எழுதியது. 1963-லிருந்து நடந்துவந்த தேசியத் திறனறித் தேர்வும் உதவித்தொகையும் மறு ஆண்டே நின்றுபோயின. ஊக்குவித்த அழகு அது.

மெயின்லேண்டுத் தமிழர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். புதுச்சேரியில் நவோதயா இருக்கிறது, காரைக்காலில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஒன்றில்கூட இல்லை. இந்தி வரும் என்று சென்னை கதவைச் சாத்தியது. இந்தி இல்லாமல் பள்ளி தரமாட்டேன் என்று டெல்லி முறுக்கிக்கொண்டது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை திறக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இரண்டு தலைநகரங்களும் கொள்கையில் தேறின, பிள்ளைகள்தான் தேர்வு எழுதாமலே தோற்றார்கள்.

பெற்றோரான எங்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. நாலாம் வகுப்பிலேயே கோச்சிங் சேர்த்து, விளையாட்டை நிறுத்தி, படத்தில் எது வேறுபட்டது என்று ராத்திரி பத்து மணி வரை பிள்ளையைக் கேட்டோம். இடம் கிடைத்தால் தெருவுக்கே லட்டு. கிடைக்காவிட்டால், “பக்கத்து வீட்டுப் பையனுக்கு எப்படிக் கிடைத்தது?” என்ற விசாரணைக் கமிஷன். பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை என்று ஒரு மனுவும் போடாத நாங்கள், எங்கள் பிள்ளை பெயர் விட்டுப்போனதும் ஓடி வந்து வரிசையில் நிற்கிறோம்.

ஆகவே எங்கள் பிரார்த்தனை இது: ஒரே முறை என்ற விதியை எடுங்கள். ஒரு நாள் நகரவாசத்துக்கு ஆயுள் தண்டனை தருவதை நிறுத்துங்கள். நவோதயாவில் கொடுக்கும் ஆசிரியரையும் ஆய்வகத்தையும் நூலகத்தையும் ஊர்ப் பள்ளிக்கும் கொடுங்கள். அதற்குப் பணமில்லை என்றால், முடிவுப் பட்டியலில் உண்மையை அச்சடியுங்கள்: ‘இந்தப் பிள்ளையிடம் குறை எதுவுமில்லை; எங்களிடம்தான் இடமில்லை.’ தோற்றது பிள்ளை அல்ல, எண்பதோடு நிறுத்திக்கொண்ட அரசாங்கம்.