பிணம் கோவையில், எழுத்தாளர் ராஜபாளையத்தில்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மர்ம நாவல் எழுதுகிறவரைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. பகலில் நூற்பாலையில் கணக்கு எழுதுவார், அல்லது பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துவார். டீக்கடையில் பக்கத்து பெஞ்சுக்காரர் கொஞ்சம் பலமாக இருமினால் போதும், ‘ஆர்சனிக்’ என்று முணுமுணுத்துவிட்டு கிளாஸை மோந்து பார்ப்பார். இப்படி நாலு பேர் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதுவே எழுத்தாளர் கூட்டம். ரத்தம் உறைய எத்தனை நிமிஷம், மாத நாவலுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி திரும்பி வர எத்தனை மாதம் என்ற இரண்டு கேள்விகளும் வாராவாரம் அலசப்படும். ஒருவர் புதுக் கதையை வாசிப்பார். இரண்டாம் அத்தியாயத்திலேயே இன்னொருவர், “மச்சினன்தானே அண்ணாச்சி?” என்பார். “இல்லை” என்று தாளை மடித்து வைத்துக்கொள்பவர், வீட்டுக்குப் போனதும் கொலையாளியை மாற்றிவிடுவார். இவ்வளவு உழைக்கிறவர்களின் பிணம் ஒன்றுகூட செண்பகத்தோப்பில் கிடப்பதில்லை, அய்யனார் கோயில் ஆற்றில் ஒதுங்குவதில்லை. விழுவதெல்லாம் சென்னையில், கோவையில், கை கொஞ்சம் தாராளமானால் ஊட்டி காட்டேஜில்.

இதைச் சோம்பல் என்றும், பெரிய எழுத்தாளர்களைப் பார்த்துப் போட்ட சூடு என்றும் சொல்வார்கள். முன்னோடிகள் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள் என்பது மெய். தேவனின் துப்பறியும் சாம்பு சென்னைவாசி. சுஜாதா 1968-இல் ‘நைலான் கயிறு’ எழுதிய நாளிலிருந்து கணேஷ் பெரிய நகரத்து வக்கீல். பட்டுக்கோட்டை பிரபாகர் ஊரைப் பெயரிலேயே சுமந்தாலும் அவருடைய பரத்தும் சுசீலாவும் துப்பறியச் சென்னையில்தான் ஆபீஸ் போட்டார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் இன்னும் ஒரு படி மேலே போய் விமானம் ஏறிவிடுவார். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் சொந்த ஊரான கோவையிலேயே கொலை செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார், கோவை தாங்கும். காந்திபுரத்தில் ஒருவர் செத்தால் அடுத்த தெருவில் அவர் யாரென்று கேட்பார்கள். மர்மக் கதைக்கு முதல் தேவை அப்படி முகம் தெரியாத நாலு பேர். நம் ஊரில் அதற்கு வழியே இல்லை. ராஜபாளையத்தில் ஒருவர் பஸ் ஏறினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் எதற்குப் போகிறார், திரும்பி வருகையில் கையில் என்ன இருக்கும் என்பதுவரை தெரிந்துவிடும். ‘மர்ம மனிதர் ஒருவர் தெருவில் நுழைந்தார்’ என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதினால், “யாரு, நம்ம கிருஷ்ணம்மா மருமகனா?” என்று வாசகரே கேட்டுவிடுவார்.

நாய் வேறு இருக்கிறது. 2005-இல் தபால் தலையில் ஏறிய ராஜபாளையம் நாய் அந்நியரைக் கண்டால் விடாது. அது குரைத்தால் கொலையாளி வெளியூர்க்காரர். குரைக்காவிட்டால் வீட்டு ஆள். குரைக்காத நாயை வைத்து ஷெர்லாக் ஹோம்ஸ் ஒரு முழுக் கதைக்குத் துப்புத் துலக்கினார்; இங்கே அது முதல் அத்தியாயத்திலேயே கதையை முடித்துவிடும். வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பதுதான் நம் எழுத்தாளருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை. அதைக் கூட்டத்தில்கூடச் சொல்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மனுஷர்களைவிடப் பண்டங்கள் இன்னும் ரோஷக்காரர்கள். விஷம் வைக்கப் பால்கோவாவைப் போல ஒரு பண்டம் உலகத்தில் கிடையாது. விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்டக் கிளறி இறக்கியது. எந்தக் கசப்பையும் அந்த இனிப்பு மூடிவிடும். எவ்வளவு உஷாரான பணக்காரக் கிழவரும் ஒரு விள்ளல் வேண்டாமென்று சொல்லமாட்டார். ஆனால் 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தில் நஞ்சு கலந்த எழுத்தாளர் மறுநாள் ஆண்டாள் கோயில் பக்கம் எப்படிப் போவார்? கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், அரைக் கிலோ கேட்டால், “உங்களுக்கு எதுக்கு சார் நம்ம கோவா?” என்று மட்டும் கேட்பார். ஆகவே நம்மவர் கடைசி நேரத்தில் விஷத்தைத் திருநெல்வேலி அல்வாவுக்கு மாற்றிவிடுவார்.

படித்தவர்கள் இங்கே மிஸ் மார்ப்பிளைக் கொண்டுவருவார்கள். 1930-இல் அகதா கிறிஸ்டி ஒரு குட்டிக் கிராமத்தில் பாதிரியார் வீட்டிலேயே பிணத்தைப் போடவில்லையா? போட்டார். ஆனால் அந்தக் கிராமத்தில் எல்லாம் கவனிக்கிற கிழவி விசேஷமானவர், அதனால் கதாநாயகி. நம் தெருவில் வாசலுக்கு ஒருத்தி உண்டு. இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்துவதற்குள் வழக்கு முடிந்துவிடும், இருநூறு பக்கம் எப்படி வரும்? இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ கிராமத்தில்தானே நடந்தது என்பது இன்னும் வலுவான கேள்வி. அங்கே சந்தேகப் பட்டியலில் முதல் பெயரே தெய்வத்தினுடையது. எந்தச் சாதிக்காரரும் சண்டைக்கு வரமுடியாது. லண்டனில் 1930-இல் தொடங்கிய துப்பறியும் எழுத்தாளர் சங்கம், தெய்வச் செயலால் முடிச்சை அவிழ்க்கமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் சத்தியம் வாங்கியது. அந்தச் சத்தியத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால், “பெரிய மாரியம்மன் இல்லாம எப்படி சார் குற்றவாளி ஒத்துக்குவான்?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆக, நம் எழுத்தாளர் முதலில் மறைக்கக் கற்றுக்கொள்வது ஊரைத்தான். கொலையாளியை மறைப்பது அப்புறம். இதில் நஷ்டம் வாசகருக்கு. பக்கத்துச் சிவகாசியில் 1972-இல் அச்சாகி வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, எந்தத் தேசத்து வில்லனையோ உதைத்ததை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் போதுமான அளவு ரசித்தாயிற்று. அண்ணாச்சிமார்களே, அடுத்த நாவலில் பஞ்சாலை சங்கு ஊதட்டும், நாய் குரைக்கட்டும், விஷம் பால்கோவாவிலேயே இருக்கட்டும். கடைப் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.