அடைத்த கதவுக்குக் கட்டணம்: மான்மவுத் ஜங்ஷன் டேகேர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

அமெரிக்கத் தமிழரின் கிரீன் கார்டு வரிசையை ஆராய்ந்தோர் பலர். எந்தக் கடையில் இட்லி அரிசி மலிவு என்பதற்கும் வாட்ஸ்அப்பில் அறிஞர்கள் உண்டு. ஆனால் பிள்ளை போகாத நாளுக்கு டேகேருக்கு ஏன் பணம் அழ வேண்டும் என்ற கேள்வி, ஒவ்வொரு நவம்பரிலும் கார் நிறுத்துமிடத்தில் எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

கருதுகோள்: இது பகல் கொள்ளை. (ஆய்வாளரின் பிள்ளை டாட்லர் வகுப்பில் படிப்பதால் கருதுகோளில் சற்றுச் சாய்வு இருக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இது புதிதல்ல.)

2. ஆய்வுக் களம்

மான்மவுத் ஜங்ஷன், மான்மவுத் கவுன்ட்டியில் இல்லை. நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுன்ட்டியில், சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்பில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா ரயில்ரோடின் கிளைப் பாதைகள் வந்து கூடியதால் ஜங்ஷன் ஆயிற்று. இன்று ஆம்ட்ராக்கும் என்ஜே டிரான்சிட்டும் இங்கே நிற்காமல் பறக்கின்றன. ரயிலேற பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போக வேண்டும். ரயில் நிற்காத ஜங்ஷனில் நாலு பெட்ரூம் வீடு வாங்கியவர், கதவு திறக்காத டேகேருக்குப் பணம் கட்ட மட்டும் ஏன் அதிர்ச்சியடைகிறார் என்பது தனி ஆய்வுக்குரியது.

முதன்மைத் தரவு, கண்ணாடிக் கதவில் செலோ டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள். மேலே வான்கோழிப் படம், பிள்ளைகளே உள்ளங்கையை வைத்து வரைந்தது. நடுவில் தேங்க்ஸ்கிவிங் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடுமுறை என்ற அறிவிப்பு. அடியில், வான்கோழியின் காலுக்குக் கீழே, டியூஷன் கட்டணத்தில் மாற்றமில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி. களத்தில் பதிவான உரையாடல்:

"என்னங்க, ரெண்டு நாள் லீவு, டியூஷன் மட்டும் ஃபுல்லாமே?"

"ஹேண்ட்புக்லயே இருக்குங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீங்க."

"அதெல்லாம் யாருங்க படிச்சா?"

இதற்கு மேல் தரவு கிடைக்கவில்லை. இருவர் கையிலும் பிள்ளை, ஒருவர் பிள்ளைக்கு ஒரு கால் ஷூ காணோம்.

3. முன்னோர் ஆய்வுகள்

டேகேர் பொருளியலின் மூல நூல் 2000-இல் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் வெளியிட்ட கட்டுரை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 டேகேர்களை எடுத்துக்கொண்டு, ஆறில் மட்டும், பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்றார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. டீச்சர் காத்திருப்பாரே என்று கூசியவர்கள், காசுதான் கொடுக்கிறோமே என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நம் வட்டாரத்தில் நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று வைத்திருக்கிறார்கள். ரூட் 1 சிக்னலில் தந்தையர் ஓட்டும் விதத்தைப் பார்த்தால், ஹைஃபாவில் தொகை போதவில்லை என்றுதான் முடிவு கட்ட வேண்டும்.

நம் கேள்வியே எழாத பொற்காலமும் ஒன்று இருந்தது. 1943-இல் ஓரிகானின் போர்ட்லண்டில், போர்க்காலத்தில் கப்பல் கட்டப் போன பெண்களுக்காகக் கைசர் கம்பெனி திறந்த குழந்தைக் காப்பகங்கள் 24 மணி நேரமும், ஆண்டுக்கு 364 நாளும் இயங்கின. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கதவடைப்பு. வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய், சமைத்த இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே விலைக்கு வாங்கிப் போகலாம். 1945-இல் போர் முடிந்தது, காப்பகமும் முடிந்தது. பிறகு நாடு முழுக்க அரசு டேகேர் என்ற மசோதா காங்கிரஸில் நிறைவேறி வந்தபோது, 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் வீட்டோ செய்தார். நாம் இன்று கண்ணாடிக் கதவின் முன் நிற்பதில் அவருக்கும் பங்குண்டு. வரிச் சலுகை வேண்டுமானால் உண்டு: டேகேருக்கு வரியில்லாமல் ஒதுக்கும் பணத்துக்கு 1986-இல் வைத்த 5,000 டாலர் வரம்பு, 2021-இல் ஓராண்டு தவிர, 2026-இல் 7,500 ஆகும்வரை அசையவில்லை. டியூஷன் அப்படி இருந்ததாகத் தகவல் இல்லை.

தமிழ்நாட்டு முன்னுதாரணம், பள்ளி ஆட்டோவுக்கு மே மாதப் பணம். பிள்ளை வராத மாதத்துக்கு எதற்கு என்பார் அம்மா. ஜூனில் வேறு ஆட்டோ பார்த்துக்கோங்கம்மா என்பார் ஆட்டோ அண்ணன். வாசற்படியிலேயே பாதிக்குப் பேசி முடியும். டேகேரில் ஆட்டோ பே மட்டுமே உண்டு. அண்ணனும் இல்லை, வாசற்படியும் இல்லை.

4. பெற்றோர் தரப்பு

கட்டணம் கட்டிக் கலங்கும் பெற்றோர் மூவகைப்படுவர்.

முதல் வகை, முழுநேர ஊழியர். லேபர் டே அன்று வீட்டில் படுத்திருந்தாலும் கம்பெனி சம்பளம் தரும். இவருக்கு இழப்பு இல்லை. குரல் மட்டும் உண்டு.

இரண்டாம் வகை, மணிக்கணக்குக் கான்ட்ராக்டர். லேபர் டே அன்று டைம்ஷீட்டில் பூஜ்யம். வரவு நின்ற நாளிலும் டேகேர் செலவு நிற்பதில்லை. இவர் துயரம் மெய்யானது. இவர்தான் சத்தம் போடாதவர்.

மூன்றாம் வகை, ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருப்போர். விசிட்டர் விசாவில் ஆறு மாதம். வீட்டில் பாட்டி ரசம் சாதம் பிசைந்து நிலாவைக் காட்டி ஊட்ட, டேகேரில் காலி நாற்காலிக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். நிறுத்திவிடலாம், ஆனால் பாட்டி விமானம் ஏறும் நாளில் டேகேரில் சீட் கிடைக்காது, வெயிட்டிங் லிஸ்ட். "ஒரு நாள் சும்மா இருக்குறதுக்கு இவ்வளவு டாலரா? நான் உங்க மூணு பேரையும் காசில்லாம வளர்த்தேன்" என்பது இவ்வகையில் பதிவாகும் பாட்டியின் கூற்று. மேற்கோள் காட்டத் தக்கது, மறுக்க இயலாதது.

5. கணக்கியல்

நியூ ஜெர்சி உரிம விதிப்படி 18 மாதத்துக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு ஊழியர் வேண்டும். இரண்டரை வயது வரை ஆறுக்கு ஒருவர், நான்கு வயது வரை பத்துக்கு ஒருவர். காலை 7 முதல் மாலை 6 வரை திறந்திருந்தால் வாரத்துக்கு 55 மணி நேரம். ஓவர்டைம் இல்லாமல் ஒருவர் 40 மணிதான் பார்க்க முடியும். ஆக நான்கு கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் ஒன்றேகால் ஆளுக்கு மேல் தேவை. வாடகை, இன்ஷூரன்ஸ் எதுவும் தேங்க்ஸ்கிவிங் அன்று வான்கோழி தின்னப் போவதில்லை.

இனி உதாரணக் கணக்கு. மாதம் 2,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 24,000. வேலை நாள் 260 என்று கொண்டால் நாளுக்கு 92 டாலர் 31 சென்ட். 12 நாள் விடுமுறைக்குப் பணம் கேட்கக் கூடாது என்று பெற்றோர் போராடி வென்றார்கள் என்று வையுங்கள். மறுநாளே உரிமையாளர் 24,000-ஐ 248-ஆல் வகுப்பார். நாளுக்கு 96 டாலர் 77 சென்ட். விடுமுறை இலவசம், பெற்றோருக்குப் பரம திருப்தி, பையிலிருந்து போவது அதே தொகை. ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றிவிட்டு அடித்துக் காட்டும் ஜவுளிக்கடைக்கு வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. பண்டிகையியல்

எந்த விடுமுறைக்குப் பணம் போனது என்பதைப் பொறுத்து வலியின் அளவு மாறுகிறது. 2024-இல் மார்ட்டின் லூதர் கிங் தினமும் பொங்கலும் ஒரே நாளில், ஜனவரி 15 திங்களன்று வந்தன. டேகேர் மூடியிருந்தது, இன்ஸ்டன்ட் பாட் குக்கரில் பொங்கல் பொங்கியது, யாரும் ரீஃபண்ட் கேட்கவில்லை.

தீபாவளி சிக்கலானது. சவுத் பிரன்ஸ்விக் பள்ளிகள் அதற்கு விடுமுறை விடுபவை. டேகேரும் மூட வேண்டும் என்று மனுப் போடுவதும் நாம். மூடியபின் பணம் எதற்கு என்பதும் நாம். சில ஆண்டுகளில் வடக்கத்தியர் தீபாவளி ஒரு நாள் தள்ளி வந்துவிடும். அப்போது நம் எண்ணெய்க் குளியலன்று டேகேர் திறந்திருக்கும். மறுநாள் ஆபீஸ் இருக்கும், டேகேர் இருக்காது. இந்திய ஒருமைப்பாட்டுக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்ட இடம் வேறில்லை.

7. பெஞ்ச் தேற்றம்

ஆய்வின் மையம் இதுதான். நம் வட்டாரத்தில் பலர் ஹெச்-1பி விசாவில் வந்தவர்கள். பிராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் சம்பளத்தை நிறுத்தும் வழக்கம் சில கம்பெனிகளில் இருந்தது. 1998-இல் அமெரிக்கச் சட்டம் அதைத் தடுத்தது: வேலை கொடுக்காதது முதலாளியின் பாடு, ஆளைக் கூட்டிவந்தாய் அல்லவா, சம்பளம் கொடு. இதை நாம் தர்மம் என்று ஏற்றுக்கொண்டோம். பெஞ்சில் இருந்தபடியே நெட்ஃப்ளிக்ஸும் பார்த்தோம்.

டேகேர் மிஸ் தேங்க்ஸ்கிவிங் வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பதும் பெஞ்ச்தான். அவரைத் திங்களன்று அதே வகுப்பில், அதே பிள்ளையின் மூக்கைத் துடைக்க நமக்கு வேண்டும். நாம் கட்டுவது அந்த ஒரு நாளுக்கு அல்ல. அந்த நாற்காலியும் அந்த மனிதரும் நமக்காக இருக்கிறார்கள் என்பதற்கு. கருதுகோள் வீழ்ந்தது.

ஆனால் முழுதாக வீழவில்லை. தனியார் முதலாளி விடுமுறை நாளுக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டத்திலும் இல்லை, நியூ ஜெர்சிச் சட்டத்திலும் இல்லை. 2025-இல் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர் 49 சென்ட்டாக இருந்தது. அதற்குச் சற்று மேலே நிற்கும் மிஸ்ஸுக்கு ஒரு நாள் சம்பளம் போனால் அந்த வார மளிகையில் தெரியும். தேங்க்ஸ்கிவிங் வெள்ளிக்கு நாம் கட்டிய 92 டாலர் 31 சென்ட் அவரிடம் போனால் அது நியாயமான கட்டணம். வழியிலேயே நின்றுவிட்டால், கார் நிறுத்துமிடத்துக் கொந்தளிப்புக்குக் காரணம் உண்டு. கொந்தளிக்க வேண்டியவர் மட்டும் நாமல்ல.

8. பரிந்துரைகள்

ஒன்று: ஆண்டுத் தொடக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்த விடுமுறைக்கு முணுமுணுக்காமல் கட்டுக.

இரண்டு: குழாய் வெடித்தது, ஆள் வரவில்லை என்று காலை ஆறே முக்காலுக்கு மெசேஜ் வரும் நாளுக்கு முணுமுணுத்துக் கழித்துக் கட்டுக.

மூன்று: சேர்க்கும் முன் சுற்றிப் பார்க்கப் போகும்போது பெற்றோர் கேமரா உண்டா, சாப்பாடு வெஜிடேரியனா, நட்ஸ் கலக்குமா, மூன்று வயதில் பெருக்கல் சொல்லித் தருவீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். மூடிய நாளில் மிஸ்ஸுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. கேட்க விரும்புவோர் காலையிலேயே கேட்பது நல்லது. மாலை ஆறுக்கு மேல் கேட்டால், பதில் முடியும்வரை நிமிடத்துக்கு ஒரு டாலர்.