தாடி வைத்த மாடல்

நான் பார்த்த முதல் மாடலுக்குத் தாடி இருந்தது. தலையில் தொப்பி, மடித்துக் கட்டிய சாறன், வியர்வையில் ஊறிய பெனியன். அதற்கு மேல், இடது தோளிலிருந்து முழங்கால் வரை, மயில் கழுத்து நிறத்தில் ஒரு வொயில் சாரி. காத்தான்குடியிலிருந்து வரும் புடவை வியாபாரி அவர். கல்முனை வரை பஸ்ஸில் மூட்டையோடு வந்து, தெரிந்த கடையொன்றில் நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நோன்பு பிறந்ததும் சாய்ந்தமருது ஒழுங்கைகளுக்குள் நுழைவார். எங்கள் விறாந்தையில் பன்பாய் விரிக்கப்படும். உம்மாவும் மாமிமாரும் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். வெளியே வருவது குரல் மட்டும்.

"முந்தானையக் காட்டுங்க."

தோளில் போட்டுக் காட்டுவார்.

"இஞ்ச இருட்டாக் கிடக்கு காக்கா, வெயிலுக்குப் போய் நில்லுங்க."

முற்றத்து மணலில் இறங்கி நிற்பார்.

"திரும்புங்க. மறுகா ஒருக்கா இந்தப் பக்கம்."

நோன்பு வாயோடு, உச்சி வெயிலில், ஒரு மனிதர் சாரியோடு சுற்றிச் சுற்றி நிற்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பெரியவர்கள் சிரித்ததே இல்லை. அவர்களுக்கு அவர் கண்ணில் படவே இல்லை என்பதுதான் காரணம். அவர் உடம்பில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் பத்துக் கண்ணும் துணியில் இருந்தன. இந்தச் சாரியைக் கட்டினால் நானும் இவரைப் போல இருப்பேன் என்று எந்தப் பெண்ணும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆகவே ஏமாறவும் இல்லை.

இப்போது என் மகள் கட்டிலில் சாய்ந்தபடி போனைத் தட்டினால் மாடல்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கும் தாடி இல்லை, வியர்வை இல்லை. ஆனால் ஒரு டொப்பின் நீளத்தை அறிந்துகொள்ள நாங்கள் படும் பாடு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எங்கள் ஊரில் டொப் வாங்கும் பெண் முதலில் கேட்பது, அது இடுப்புக்குக் கீழே இறங்குமா என்று. படத்திலுள்ள பிள்ளை அதன் முன்பக்கத்தைக் களிசானுக்குள் செருகி வைத்திருக்கிறாள். கை மணிக்கட்டு வரை வருமா? முழங்கை வரை சுருட்டி விட்டிருக்கிறாள். கழுத்து எவ்வளவு இறக்கம்? அவிழ்த்துவிட்ட கூந்தல் மறைக்கிறது. பக்கத்து வெட்டு எதுவரை ஏறுகிறது? ஒரு காலை முன்னால் வைத்துச் சாய்ந்து நிற்கிறாள், தெரியவில்லை. அடுத்த படத்தில் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கடுத்ததில் தூரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். என்ன பகிடி என்று எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

முதுகுப் பக்கம் மட்டும் கடைசி வரை வராது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. படப்பிடிப்பின்போது உடுப்பு மாடலின் உடம்பில் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். அது அந்தத் தொழிலில் சாதாரணப் பழக்கம், யாரும் ஒளிக்கும் ரகசியமல்ல. முன்னால் பார்த்தால் இடை சிறுத்து அளவெடுத்துத் தைத்தது மாதிரி. பின்னால் வரிசையாகக் கிளிப்புகள். பார்சலில் உடுப்பு மட்டும்தான் வருகிறது. கிளிப்பையும் சேர்த்து அனுப்பினால் பாதிப் பேர் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஹபாயாவின் கதை தனி. உம்மாவின் காலத்தில் சாரித் தலைப்பே முக்காடு. எண்பதுகளிலிருந்து எங்கள் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வரத் தொடங்க, கறுப்பு ஹபாயா பெட்டிகளில் வந்து இறங்கியது. இன்று அதை விற்கும் பேஸ்புக் பக்கங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் நிற்கும் மாடல்களுக்கு முகம் கிடையாது. சிலருக்கு மூக்கோடு படம் வெட்டப்பட்டிருக்கும். சிலருடைய முகத்தில் ஒரு ரோசாப்பூ, சிலருக்குச் சிவப்பு இதயம். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து எங்கள் ஊர்ப் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்ட அந்த வாரத்துக்குப் பின், முகத்தை மூடிப் பொது இடத்தில் நடமாடக் கூடாது என்று அவசரகாலச் சட்டத்தில் விதி வந்தது. தெருவில் எல்லோரும் முகத்தைத் திறந்துகொண்டு போனோம். ரோசாப்பூ மட்டும் பேஸ்புக்கில் அப்படியே இருந்தது.

முகம் இல்லாததில் எனக்குக் குறையில்லை. ஹபாயா வாங்க முகம் எதற்கு? குறை காலில்தான். வளைகுடா ஹபாயாவின் சைஸ் என்பது தோளிலிருந்து கீழ் விளிம்பு வரையான நீளம், அங்குலக் கணக்கில்: 52, 54, 56, 58, 60. கேட்பதற்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் படத்திலிருக்கும் பெண் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு துணிக்குள்ளே குதி உயர்ந்த சப்பாத்து. அவள் மீது அருவி போல விழும் 60, ஐந்தடிக்கு ஓரங்குலம் கூடிய என்னிடம் 54 ஆக வரும்போது விழ இடமில்லாமல் நிற்கிறது. கையும் அகலமும் அதே கணக்கில் குறைந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது; பல தையற்காரர்கள் நீளத்தை மட்டுமே குறைக்கிறார்கள். பின்னணியில் துபாய் மணல்மேடு வேறு. எங்களிடம் மணலுக்கா பஞ்சம்? கடற்கரை வீதியில் நின்று ஒரு படம் எடுத்தால் ஈரக்காற்றில் அந்தத் துணி உடம்போடு ஒட்டுமா ஒட்டாதா என்றாவது தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. நான் சிறுமியாக இருந்த எழுபதுகளின் முற்பகுதி, சிறிமாவோ அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சங்கக் கடைக்குத் துணி வந்திருக்கிறது என்றால் வரிசை. கிடைப்பதுதான் நிறம், கிடைப்பதுதான் பூ. ஒரே சீத்தையில் எனக்கும் இரண்டு தங்கைகளுக்கும் கவுண், மிச்சத்தில் தலையணை உறை. பெருநாளன்று நாங்கள் கட்டிலில் படுத்தால் ஆள் எங்கே, தலையணை எங்கே என்று தேட வேண்டும் என்பார் வாப்பா. வெளித்துணி வராத அந்த ஆண்டுகளில்தான் வடக்கே பக்கத்தூரான மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. 1977இல் கதவு திறந்துவிட்ட பிறகு ஜப்பான் துணியும் இந்தியத் துணியும் கடைகளை நிரப்ப, அந்தச் சத்தம் குறைந்தது. தெரிவு கூடியதில் எங்களுக்குச் சந்தோசம்தான். தறிக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தையற்காரரும் ஒரு சோதனைதான். நோன்பு பத்தில் கொடுத்த துணி, பிறை கண்ட இரவு பதினொரு மணிக்கும் அவருடைய மேசைக்குக் கீழேதான் கிடக்கும். என்றாலும் அந்த மனிதரிடம் ஓர் அதிசயம் இருந்தது. பெரிய பிள்ளையான பிறகு நாங்கள் அவர் கடைக்குப் போவதில்லை. தம்பியின் கையில் ஓர் அளவுச் சட்டையைக் கொடுத்து அனுப்புவோம். அதை மேசையில் விரித்து, இஞ்சி டேப்பைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, "ராத்தா கொஞ்சம் உடம்பு வச்சிரிக்காவா, இல்ல இதே அளவுதானா?" என்று கேட்பார். தம்பி வீட்டுக்கு ஓடிவந்து எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்வான். தையற்காரர் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் தோளின் அகலம் அவருக்கு மனப்பாடம். இன்றைய கடைகளுக்கு என் முகம், பிறந்த நாள், நேற்று எதைப் பார்த்தேன், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டேன் எல்லாம் தெரியும். தோள்தான் தெரியாது.

தோளை அறிய முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 1939இலும் 1940இலும் அமெரிக்க அரசாங்கம் ஏறத்தாழ 15,000 பெண்களை நிறுத்தி வைத்து ஒவ்வொருவரிடமும் எடையோடு சேர்த்து 59 அளவுகள் எடுத்தது. ஆயத்த ஆடைக்கு ஒழுங்கான அளவுமுறை வேண்டும் என்பது நோக்கம். ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் அறிக்கையை 1941இல் வெளியிட்டார்கள். வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 1958இல் அதை வைத்து ஒரு தர அளவுமுறை வந்தது. கம்பனிகள் கைக்கு வந்தபடி அளவை மாற்றிக்கொண்டே போக, 1983இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே இன்று 'மீடியம்' என்பது அந்தக் கம்பனி தன் மனதில் நினைத்திருக்கும் யாரோ ஒருத்தி. அவள் சாய்ந்தமருதுப் பக்கம் வந்ததில்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் உடுப்பு ஏற்றுமதி செய்யும் நாடு இது. மேல்நாட்டு இணையக் கடையொன்றில் பொன்முடிப் பிள்ளை போட்டிருக்கும் சட்டையின் உட்பட்டியில் 'இலங்கைத் தயாரிப்பு' என்று இருக்கக்கூடும். அதை வாங்குவதற்கு விலாசத்தை நிரப்பிக்கொண்டு போனால், உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை என்று பதில் வருகிறது.

உம்மா துணி வாங்கும்போது கையில் கசக்கிப் பிடித்து ஐந்து எண்ணுவார். விரித்தால் சுருக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். விரலை எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்ப்பார், சாயம் போகுமா என்று. கையைத் துணிக்கு உள்ளே விட்டு வெளிச்சத்துக்குப் பிடிப்பார். விரல் தெரிந்தால் பாவாடை போட்டுத்தான் கட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டுவார். கடதாசி எரியும் வாசத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்புக் குண்டுமணியாக இறுகினால், "இது பொலியெஸ்டர், வேணாம் காக்கா." தாடிக்கார வியாபாரி கோபிக்கவே மாட்டார். மூட்டையில் அடுத்ததை எடுப்பார். என் மகளின் சோதனை இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்குவது. துணி பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் சதுரம் சதுரமாக உடைகிறது. கீழே சிறிய எழுத்தில், நிறம் சற்று வேறுபடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். சற்று என்பது சென்ற முறை பாசிப்பச்சைக்கும் சாம்பலுக்கும் இடையிலான தூரமாக இருந்தது.

கடைசியில் மாடலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். 2025இல் எச் அண்ட் எம் நிறுவனம் முப்பது மாடல்களுக்கு டிஜிட்டல் இரட்டையரை உருவாக்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு வோக் சஞ்சிகையின் ஆகஸ்ட் இதழில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் பிறக்கவே இல்லாத ஒரு பெண் உடுப்புப் போட்டு நின்றாள். நாங்களும் பின்வாங்கவில்லை. ஹபாயாவை ஹேங்கரில் மாட்டி ஒரு படம் எடுத்து ஏதோ ஓர் ஆப்பில் போட்டால், துருக்கிப் பெண்ணொருத்தி அதை உடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். அண்மையில் ஒன்றைப் பார்த்தேன். கைப்பட்டியில் தொடங்கிய வெள்ளி வேலைப்பாடு அப்படியே நகர்ந்து அவள் பிடித்திருந்த தோல் பையிலும் ஏறியிருந்தது. 'பையும் சேர்த்தா?' என்று ஒரு பெண் கீழே கேட்டிருந்தாள். 'விலை இன்பொக்ஸ்' என்று பதில்.

இதற்கெல்லாம் நடுவே, இரவு இஷாவுக்குப் பிறகு பேஸ்புக்கில் லைவ் வரும் பெண்கள் இருக்கிறார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது இவர்கள் பெருகினார்கள். முகம் காட்டுவதில்லை. மருதாணிக் கை ஒன்றும் குரலும் மட்டும். என் மனதுக்குப் பிடித்த வியாபாரம் இதுதான். அந்தக் கை ஹபாயாவை உதறும், கசக்கும், உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டும். "கைய உள்ளுக்கு விட்டுக் காட்டுங்க ராத்தா" என்று யாராவது எழுதினால் விட்டுக் காட்டும். "54 இரிக்கா?" "இரிக்கிகா, ஆனா சின்ன மேக்கிங், உடம்பா இருந்தா 56 எடுத்து வெட்டுங்க." இப்படியொரு வாக்கியத்தை எந்தப் பெரிய இணையத்தளமும் எழுதத் துணியாது. பிள்ளை அழும் சத்தமும் கேட்கும். "ஒரு நிமிசம்" என்றுவிட்டு அந்தக் கை போய்விடும். நாங்கள் நூற்றுக்கணக்கானோர் வெறும் ஹேங்கரைப் பார்த்தபடி காத்திருப்போம்.

என் மகளுக்கு லைவ் பிடிக்காது. மணல்மேடுதான் வேண்டும். வாங்கியதைத் திருப்பி அனுப்புவது இன்னொரு போராட்டம் என்பதால் வந்த உடுப்பெல்லாம் பழைய தையற்காரரின் மகனிடம் போகிறது. அவருடைய வாப்பாவின் மேசை, வாப்பாவின் சிங்கர் மெசின், சுவரில் புதிதாக ஒரு மட்டை: 'ஒன்லைன் உடுப்பு அளவு திருத்தப்படும்.' புதுத் துணி தைப்பது அருகிவிட்டது. வெட்டுவதும் பிரிப்பதும்தான் தொழில். சென்ற பெருநாளுக்கு முன் மகளோடு நானும் போயிருந்தேன். இடுப்பில் தொளதொளக்கும் ஒரு ஹபாயாவை மேசையில் போட்டு, போனைத் திறந்து அந்த நெட்டைப் பெண்ணைக் காட்டி, "இதே மாதிரி நிக்கணும் நானா" என்றாள்.

போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"ஏலாதுண்டு இல்ல. இந்தப் புள்ளைட அளவுச் சட்ட ஒண்டு எடுத்துத் தாங்க. செஞ்சி தாறன்."