திரையிருளியல்: மூலமும் உரையும்

மடிக்கணினிக்கு ஆறேழு வயதானதும் அதன் திரைக்கு வரும் நோய்களைப் பற்றி வீட்டுக்கு வீடு வாய்மொழி மரபு உண்டே தவிர, தமிழில் முறையான இலக்கணம் இல்லை. அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது. தலைச்சூத்திரம் வருமாறு:

இருள்தான் இருவகைத்து, விளக்குப் போனதும் படம் போனதும் என.

இது என் நுதலிற்றோ எனின், திரை கறுத்த நொடியில் "டிஸ்ப்ளே போச்சு" என்று அலறுவோரை அமர்த்துதல் நுதலிற்று. எல்சிடி திரை தானாக ஒளிராது. அதிலுள்ள திரவப் படிகம், 1888இல் பிராகா நகரத்துத் தாவரவியலாளர் பிரீட்ரிச் ரைனிட்சர் கேரட்டிலிருந்து எடுத்த பொருளொன்றைச் சூடாக்கியபோது முதன்முதலில் கவனித்த வகைப் பொருள். வெளிச்சத்தை விடுவதும் மறிப்பதும்தான் அதன் வேலை. வெளிச்சம் வருவது பின்னாலிருந்து. பழைய கணினிகளில் அது பென்சிலைவிட மெல்லிய ஒரு டியூப்லைட், பிந்தியவற்றில் எல்இடி. எனவே விளக்கு அவிந்தாலும் படம் அங்கேயே இருக்கும். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்த்தால், திருப்பதியில் எடுத்த குடும்பப் படம் மங்கலாகத் தெரியும். தெரிந்தால் முதல்வகை இருள். தெரியாவிட்டால் உரையைத் தொடர்ந்து படிக்க.

அடுத்தது கோணம். இவ்வியலின் உயிர்நிலை இதுவே.

பழைய மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் திரை தெளியும் கோணம் ஒன்று உண்டு. அதை வீட்டில் ஒருவர் மட்டுமே அறிவார். அவர் ஊருக்குப் போயிருந்தால் யாரும் கணினியைத் திறப்பதில்லை. மூடியை மெல்லத் தூக்குவார்; திரை வெளுக்கும், ரோஜா நிறமாகும், கோடுகோடாய் நடுங்கும், சட்டென்று தெளியும். அந்த இடத்தில் மூச்சை அடக்கிக் கையை எடுத்துவிட்டு, மூடிக்குப் பின்னால் பருமனான ஆங்கில அகராதியை அண்டை கொடுப்பார். இணையம் வந்தபின் அகராதிக்குக் கிடைத்த ஒரே வேலை இதுவென்பர் ஒரு சாரார்.

காரணம் எளிது. மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள் கீல் வழியாகத்தான் ஏறுகிறது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது வளைகிறது. உள்ளே முடிபோன்ற கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஐயம் தீர, டிவியில் இணைத்துப் பார்க்க வேண்டும். டிவியில் படம் சுத்தமாக வந்தால் குற்றம் கீலுக்கு மேலே. அங்கும் அதே கோடுகள் ஆடினால் கீழே. பழுதுபார்க்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகுமுன் இதைச் செய்தவர்களைக் கடைக்காரர் வேறுவிதமாகப் பார்ப்பார். "போர்டு போயிருக்கு சார்" என்ற வாக்கியம் அவர் வாயிலேயே நின்றுவிடும்.

அஃதேல், கேபிளை மாற்றினால் தீருமே, ஏன் மாற்றுவதில்லை எனின், கோணம் கிடைத்துவிடுவதால் என்க.

எந்தக் கோணத்திலும் அசையாமல் நிற்கும் ஒற்றைச் செங்குத்துக் கோடு இவ்வதிகாரத்தில் அடங்காது. அது கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய பட்டை விட்டுப்போனதால் வருவது. சட்டத்தை அழுத்தினால் மறையும், விட்டால் வரும். துணிக்கிளிப் போட்டு வாழ்வாரும் உளர். பேனலை மாற்றுவதே முறை.

மின்விசிறி சுற்றும், பீப் ஒலி கேட்கும், படம் மட்டும் வராது எனில் ரப்பர் மரபு பொருந்தும். மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மீண்டும் செருகுதல். இதைப் பார்த்து நகைப்போர் உண்டு. ஆனால் பற்களில் படிந்த அழுக்கால் தொடர்பு விட்டுப்போவது மெய்யே ஆதலின் அந்நகை செல்லாது.

அடுப்பு மரபு அவ்வாறன்று. கிராபிக்ஸ் சிப்பின் ஈயப்பற்று விண்டுவிட்டது என்று கூறி, மதர்போர்டையே கேக் அவனில் வைத்து எடுப்பார் இம்மரபார். இவர்களுக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு: 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சிப்புகள் சில வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. ஆனால் அந்நிறுவனம் குறை சொன்னது சிப்பின் பொதிக்குள் இருந்த பொருளை. அதை அடுப்பு திருத்தாது. வெந்த போர்டு சில வாரம் பிழைத்து மறுபடி படுக்கும். அந்த அவனில் அப்புறம் கேக் செய்யலாகாது என்பது மட்டும் எல்லா மரபினர்க்கும் உடன்பாடு.

"பேசாம புதுசு வாங்கிடலாம்ப்பா" என்னும் கொள்கை கல்லூரி செல்லும் பிள்ளைகளால் கூறப்படுவது. கூறுவோர்க்குத் தன்னலம் உண்மையின் இது பிரமாணமாகாது.

இனிப் புறனடை. மேற்கூறிய எதிலும் அடங்காது, ஒருவர் தொட்டால் மட்டும் அணையும் திரை உண்டு. மாமனார் தட்டினால் எரிகிறது, ஐடி கம்பெனி மாப்பிள்ளை தட்டினால் அணைகிறது. மாமனார் இதைக் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். உண்மையில் மூடி சாத்தப்பட்டதைக் கணினி அறிவது மூடியிலுள்ள காந்தத்தால். அதை உணரும் சென்சார் பல மாடல்களில் கை வைக்கும் இடத்தினடியில் இருக்கிறது. மாப்பிள்ளையின் கடிகாரப் பட்டை காந்தப்பூட்டு உடையது. கழற்றிவிட்டுத் தட்டினால் தீரும். மாமனார் எதிரில் கழற்ற வேண்டும் என்பது உரையாசிரியர் துணிபு.