கௌதாரி முதல் அன்னம் வரை: ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் பறவைக் கணக்கு

'கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள்கள்' என்னும் ஆங்கிலப் பாட்டு 1780 வாக்கில் லண்டனில் ஒரு சிறுவர் நூலில் அச்சேறியது. டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை காதலன் நாள்தோறும் பரிசு அனுப்புகிறான். முந்தைய நாள்களின் பரிசுகளையும் மறுபடி சேர்த்தே அனுப்புகிறான். இதில் ரசிகர்கள் காதலைக் கண்டார்கள். கணக்கர்கள் 364 பரிசுகளைக் கண்டார்கள். எச்சத்தை யார் அள்ளுவது என்று எவரும் கேட்கவில்லை. அக்குறையைப் போக்கவே இந்த எளிய ஆய்வு.

முதலில் தொகை. கௌதாரி 12, காட்டுப்புறா 22, பிரெஞ்சுக் கோழி 30, கரும்பறவை 36, முட்டையிடும் பெருவாத்து 42, நீந்தும் அன்னம் 42. ஆக 184. ஐந்தாம் நாளின் பொன் வளையங்களும் கழுத்து வளையமுள்ள ஃபெசன்ட் பறவைகளே என்று ஒரு கட்சி வாதிடுகிறது. ஒப்புக்கொண்டால் 224. தீவனச் செலவை முன்னிட்டு நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது பெயராய்வு. இரண்டாம் நாள் பறவையின் ஆங்கிலப் பெயரில் ஆமை இருப்பதுபோல் தோன்றும். பதற வேண்டாம், அது கூவும் ஒலியைப் போலச் செய்த லத்தீன் சொல். தமிழ் வேதாகமம் காட்டுப்புறா என்று சொல்லி நம்மைக் காத்தது. நான்காம் நாள் பறவைக்குப் பழைய அச்சில் 'காலி' என்று பெயர். கரி போலக் கறுத்தது என்று பொருள். 1909இல் ஃபிரெடெரிக் ஆஸ்டின் இசையமைத்த வடிவில் அது 'காலிங்' ஆனது. ஓர் ஒற்றெழுத்து ஏறியதும் கரிய பறவை கூப்பிடும் பறவை ஆகிவிட்டது.

இனிப் பருவம். காட்டுப்புறா டிசம்பரில் இங்கிலாந்திலேயே இருக்காது, ஆப்பிரிக்காவில் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். பெருவாத்து முட்டையிடுவது வசந்தத்தில். சாம்பல் கௌதாரியோ தரையில் கூடு கட்டும். இரவில் கூட்டமாக வால்களை உள்ளே வைத்து, முகங்களை வெளியே நீட்டி, வட்டமாகத் தரையில்தான் உறங்கும். அதைக் கொண்டுபோய், இலையுதிர்ந்த பேரி மரத்தில் உட்கார வைக்கிறான் காதலன்.

அன்னத்தைத் தொட்டு எட்டாம் நாளே பால் கறக்கும் பெண்கள் வருவதும் கவனிக்கத்தக்கது. பாலில் தண்ணீர் கலந்தால் அங்கேயே பிடிபடும்.

எனினும் மையச் சான்று வேறு. பாட்டைப் பாடுவது அனுப்பியவன் அல்ல, வாங்கியவள். பன்னிரண்டு நாளும் அவள் நன்றி சொல்லவில்லை, மகிழ்ச்சி என்றும் சொல்லவில்லை. இன்ன நாள், இன்ன பொருள், இத்தனை என்று மட்டும் ஒப்பிக்கிறாள். ஒவ்வொரு நாளும் பழைய பாக்கி முழுவதையும் மறுபடி வாசிக்கிறாள். தொடக்கத்தில் இது ஞாபக விளையாட்டு. வரிசையில் தவறியவர் தண்டம் கட்ட வேண்டும்.

நாள், பொருள், எண்ணிக்கை, விடுபட்டால் வம்பு. நம் கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்த எவருக்கும் இது என்னவென்று உடனே விளங்கும்.

முடிவு: இது காதல் பாட்டன்று, மொய் நோட்டு. அவன் வீட்டு விசேஷத்துக்கு அவள் 184 பறவைகளைத் திருப்பிச் செய்தாக வேண்டும். விசேஷம் குளிர்காலத்தில் வந்தால், காட்டுப்புறாவுக்கு ஆப்பிரிக்காவரை ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.